நிலத்திடைத் தீவு



ஓர் இலக்கிய வட்டம் ஒரு சிற்றூரில் பத்தாண்டுகள் இடையறாது நடந்து வருவது எளிய செயலன்று. நாற்காலிகளை இட்டு வைப்போர், அழைப்பிதழை வீடுதோறும் கொண்டு சேர்ப்போர், வருகை குறைந்த நாளிலும் கூட்டத்தை முறையாக நடத்தி முடிப்போர் எனப் பலரின் உழைப்பால் அது நிகழ்கிறது. மேடையில் பேசுவோரின் பெயர் அழைப்பிதழில் இடம்பெறும். இவர்களின் பெயர் இடம்பெறாது. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஏறத்தாழ இத்தகையதே.

செஞ்சிக் கோட்டையின் வரலாறு முழுவதையும் ஒரு மாலைப் பொழுதில் கூறி முடித்தல் இயலாது. எனவே இராசகிரியின் உச்சியை மட்டும் நடுவாகக் கொண்டு சில செய்திகளை உங்கள் முன் வைக்க விழைகிறேன். அவ்வுச்சியை நான் ஒரு தீவு என்றே கருதுகிறேன். கடல் சூழ்ந்தால்தான் தீவு என்பதில்லை. நாற்புறமும் தொடர்பறுந்து தனித்து நிற்பது எதுவும் தீவுதான். அங்ஙனம் தனித்து நிற்கவென்றே அமைக்கப்பட்ட ஓரிடம் உண்மையில் தனித்து வாழ்ந்ததா என்பதே என் வினா.

மலைமேல் அமைந்த தீவு

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் ஓடுகிறது. அதனுள் அடங்கிய பரப்பு ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர். இம்மூன்றனுள் இராசகிரியே உயர்ந்தது. அதன் உயரம் சுமார் 800 அடி. மூன்று புறமும் செங்குத்தான பாறை. ஏறுதற்கு வாய்ப்புள்ள ஒரு புறத்திலும் உச்சியை அடையுமுன் இயற்கையே ஒரு பிளவை உண்டாக்கி வைத்திருக்கிறது. சுமார் 10 கஜ அகலமும் 20 கஜ ஆழமும் உடைய அப்பிளவின் மீது முற்காலத்தில் ஒரு மரப்பாலம் இருந்தது. பாலத்தை அகற்றிவிட்டால் உச்சி தீவாகிவிடும். இன்று பார்வையாளர்கள் அப்பிளவைப் பாலத்தின் வழியே நொடிப்பொழுதில் கடந்து செல்கின்றனர். பலர் அதனைக் கவனிப்பதும் இல்லை.

உச்சியில் அரங்கநாதர் கோயிலும் களஞ்சியமும் காவற் கட்டடமும் உள்ளன. குன்றின் மேலேயே வற்றாத ஊற்றுநீர் உண்டு. மழைநீரைத் தேக்கும் சுனைகளும் உண்டு. அரண் வல்லுநர் ஒருவர் விரும்பக்கூடியவை யாவும் இங்குப் பொருந்தியிருத்தல் வெளிப்படை.

தமிழ் கூறும் அரண்

நம் முன்னோர் அரண் பற்றி நுணுகி ஆராய்ந்தவர்கள். காவற்காட்டை மிளை என்றும், அகழியைக் கிடங்கு என்றும் சங்கப் புலவர் வழங்கினர். திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தில் நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரணின் உறுப்புகளாகக் கொள்கிறார். காக்க வேண்டிய வாயில் குறுகியதாகவும் உள்ளிடம் விரிந்ததாகவும் இருத்தல் வேண்டும், உணவு நிறைந்திருத்தல் வேண்டும், உள்ளிருப்போர் தங்குதற்கு எளிதாதல் வேண்டும் என்றெல்லாம் இலக்கணம் வகுத்த அவர், அதிகாரத்தின் இறுதியில், செயலில் சிறந்த மாந்தர் இல்லையெனின் இவ்வளவு சிறப்பும் பயனற்றது என்று முடிக்கிறார். கல்லில் தொடங்கி மனிதரில் முடிகிறது அவருடைய அரண்.

புறநானூற்றின் 109ஆம் பாட்டில் கபிலர் பாரியின் பறம்பைப் பற்றிக் கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. மூவேந்தரும் முற்றியிருக்கும் வேளையில் அவர் மதிலின் உயரத்தைப் பேசவில்லை. ஏர் தொடாமலே அம்மலை தரும் மூங்கில் நெல்லையும் பலாவையும் வள்ளிக்கிழங்கையும் தேனையும் பேசுகிறார், சுனைநீரைப் பேசுகிறார். முற்றுகையில் வெல்வதும் தோற்பதும் வாளினும் வயிற்றைப் பொறுத்தது என்பதை அப்புலவர் அறிந்திருந்தார்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் மதிலை வளைப்பதையும் காப்பதையும் உழிஞை என்னும் ஒரே திணையில் அடக்கினார். காப்போரை நொச்சி எனத் தனியே பிரித்தது பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை. புறத்தோனும் அகத்தோனும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்னும் கருத்து தொல்காப்பியரின் பகுப்பில் தொனிக்கிறது. செஞ்சியின் வரலாறு அக்கருத்துக்கு உரை எழுதியதுபோல் அமைந்துள்ளது.

கடல்நடுவே இரு கோட்டைகள்

2025ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள் யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, ‘இந்தியாவின் மராட்டியப் படையியல் நிலக்காட்சிகள்’ என்னும் தலைப்பில் 12 கோட்டைகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. காந்தேரி, சுவர்ணதுர்க்கம், சிந்துதுர்க்கம் ஆகிய மூன்றும் அப்பட்டியலில் இடம்பெற்ற உண்மையான தீவுக் கோட்டைகள். நம் மலைக்கோட்டை இப்போது அக்கடற்கோட்டைகளுக்கு உடன்பிறப்பாகிவிட்டது. ஆகவே அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பொருந்தும்.

சிந்துதுர்க்கம் மால்வன் கடற்கரைக்கு எதிரே உள்ள சிறு தீவில் 1664 முதல் 1667 வரை சிவாஜியால் கட்டப்பட்டது. உப்புநீர் சூழ்ந்த அத்தீவினுள் மூன்று நன்னீர்க் கிணறுகள் உள்ளன. அக்கிணறுகள் இல்லையேல் அங்கே கோட்டை இல்லை.

இதற்கு மாறான ஒரு சான்று நம் மொழி வழங்கும் மற்றொரு மண்ணில் உள்ளது. யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல்நடுவில் ஒரு சிறு கோட்டை உண்டு. தமிழர் அதனைக் கடற்கோட்டை என்பர். ஒல்லாந்தர் இட்ட பெயர் ஹம்மன்ஹீல். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கட்டிய அக்கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் வளைத்தனர். சுற்றிலும் கடல், உள்ளே குடிநீர்த் தொட்டி. குண்டுவீச்சில் தொட்டி பாழாயிற்று; குடிக்க நீரின்றிக் காவலர் பணிந்தனர். மதில் நின்றது, கோட்டை வீழ்ந்தது. அரணாக நினைத்த நீரே, அருந்த உதவாத நீராய், அவர்களைச் சிறைப்படுத்தியது எனலாம்.

தீவாய் இருத்தல் ஒருபுறம் காவல், மறுபுறம் சிறை. இவ்விரண்டனுள் எது நேரும் என்பதை உள்ளிருக்கும் நீரும் வெளியிலிருந்து வரும் வழியும் முடிவு செய்கின்றன. இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு செஞ்சிக்குத் திரும்புவோம்.

கைமாறிய உச்சி

கி.பி. 1200ஐ ஒட்டி ஆனந்தக் கோன் என்னும் ஆயர் தலைவன் இக்குன்றை அரணாக்கினான் என்பது மரபு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் பிள்ளை எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ அம்மரபைப் பதிவு செய்துள்ளது. பின்னர் விசயநகர ஆட்சி, அதன் வழிவந்த நாயக்கர் ஆட்சி. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த பிமெண்டா என்னும் யேசு சபைப் பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகலின் எந்நகரையும் விடப் பெரியது செஞ்சி என வியந்து எழுதினார். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர், பின்னர் ஆர்க்காட்டு நவாபு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஐதர் அலி எனக் கோட்டை கைமாறிற்று. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அதற்குப் போர்ப்பணி இல்லாது போயிற்று.

எவராலும் கொள்ளுதற்கு அரியது எனப் புகழப்பட்ட ஒரு கோட்டை இத்தனை முறை கைமாறியது எங்ஙனம்? கல்லின் குற்றமன்று. 1761ஆம் ஆண்டைக் காண்க. சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஏப்ரலில் இராசகிரியின் பிரெஞ்சுக் காவற்படை பணிந்தது. செங்குத்துப் பாறை அன்றும் அங்கேதான் இருந்தது; பிளவும் இருந்தது. உதவி வரும் கடற்கரை மட்டும் இல்லாது போயிற்று. உயிர்நாடி புதுச்சேரியில் அறுந்தது. இறப்பு செஞ்சியில் நிகழ்ந்தது.

எட்டாண்டு முற்றுகை

இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டுவது 1690 முதல் 1698 வரை நடந்த பெருமுற்றுகை. 1689இல் சம்பாஜி கொல்லப்பட்டபின் அவர் தம்பி இராஜாராம் மராட்டிய நாட்டை விட்டு நெடுந்தொலைவு கடந்து செஞ்சியை அடைந்தார். ஒரு பேரரசின் தலைமையிடமாக நம் ஊர் மாறிற்று. ஔரங்கசீப் தம் படைத்தலைவர் சுல்பிகர்கானை 1690இல் அனுப்பினார்.

எட்டாண்டுகள் செஞ்சி தாக்குப்பிடித்தது எதனால் என்று கேட்டால், மதிலால் என்று உடனே விடை கூறுவர். நிகழ்ச்சிகள் வேறு விடை தருகின்றன. 1690இலேயே இராஜாராமின் அரசு தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் சென்னையிலிருந்த ஆங்கிலக் கும்பெனியாருக்கு விற்றது. அக்கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த தொலைவு வரையுள்ள ஊர்களும் விற்பனையில் அடங்கின. அவற்றைக் குண்டுக் கிராமங்கள் என்றே வழங்கினர். மலைமேல் இருந்தவர்க்குப் பணம் கடற்கரையிலிருந்து வந்தது.

1692ஆம் ஆண்டின் இறுதியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்னும் மராட்டியத் தளபதிகள் வந்து மொகலாயப் பாசறைக்குச் செல்லும் வழிகளை அடைத்தனர். தானியம் வரவில்லை. வளைத்தவர்கள் வளைக்கப்பட்டனர், கோட்டைக்குள் இருந்தோரை விடப் பாசறையில் இருந்தோர் மிகுதியாகப் பசித்தனர். பாசறைக்குள்ளேயே பிளவு ஏற்பட்டு, பேரரசரின் மகன் காம்பக்ஷைத் தளபதிகளே சிறைப்பிடிக்க நேர்ந்தது. 1693ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுல்பிகர்கான் முற்றுகையைத் தளர்த்தி வந்தவாசிக்குப் பின்வாங்கினார். தொல்காப்பியர் ஒரே திணையில் இருவரையும் அடக்கியதன் பொருத்தம் இங்கு விளங்கும்.

வழி திறந்திருந்த காலம் வரை கோட்டை நின்றது. 1698ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது வீழ்ந்தபோது இராஜாராம் முன்பே வெளியேறியிருந்தார். இவ்வரலாற்றில் இராஜாராம், சுல்பிகர்கான், சந்தாஜி ஆகியோரின் பெயர்கள் உள்ளன. எட்டாண்டுகள் இரவுபகலாகத் தானிய மூட்டையை மலையேற்றியவர் பெயர் இல்லை. குளத்துக் கரையை உடையாமல் காத்தவர் பெயர் இல்லை. இரு படையும் மாறிமாறி மேய்ந்த வயல்களுக்கு உரியவர் பெயர் இல்லை.

கோட்டைக்குள் இருக்கும் களஞ்சியத்தைப் பாருங்கள். அது நிறைய வேண்டுமாயின் எத்தனை ஊர்களின் களம் ஒழிந்திருக்க வேண்டும்! கல்யாண மகாலில் மேல்தளம் வரை சுடுமண் குழாய்களால் நீர் ஏற்றப்பட்டது. அந்நீர் மதிலுக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து வந்தது. தீவின் உயிர் தீவுக்கு வெளியே இருந்தது என்பதற்கு இவ்விரண்டினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இறங்கி வந்தவன்

மக்கள் தம் நினைவில் எவரை வைத்திருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. எண்ணூறு ஆண்டுகளில் செஞ்சியை ஆண்டவர் பலர். பாமரரும் அறிந்த பெயர் ஒன்றே: தேசிங்கு. புந்தேலக் குலத்துச் சுரூப்சிங்கின் மகனான தேஜ்சிங் ஆண்டது சில மாதங்களே. 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சதாத்துல்லாகானின் பெரும்படையை எதிர்த்துத் தேவனூர், கடலிப் பகுதியில் போரிட்டு மாண்டபோது அவனுக்கு வயது 22 என்பர்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டை அவன் கையில் இருந்தது. பாலத்தை எடுத்துவிட்டு உச்சியில் அமர்ந்திருக்கலாம். அவன் சிறு படையுடன் கீழிறங்கி வெளியில் சென்று போரிட்டான். போரியலார் இதனை அறியாமை என்பர். கதைப்பாடல் இதனையே பெருமை என்கிறது. மலைமேல் பத்திரமாய் இருந்தவர் எவரையும் நம் மக்கள் பாடவில்லை. இறங்கி வந்தவனைப் பாடினர். அவனுக்காகத் தன் மணவறையை விட்டெழுந்து வந்து உயிர்கொடுத்த இசுலாமிய நண்பன் மகபத்கானையும் சேர்த்தே பாடினர். அரசனின் கதை, நட்பின் கதையாகியது. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களிலும் தெருக்கூத்திலும், 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படத்திலும் அது தொடர்ந்தது. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்றும், அவள் நினைவாகவே இராணிப்பேட்டை பெயர் பெற்றது என்றும் மரபு கூறுகிறது. உடன்கட்டை என்னும் கொடுமையை இன்று நாம் போற்ற இயலாது. எனினும் ஓர் ஊரின் பெயராய் நிலைத்த அப்பெண்ணின் சொந்தப் பெயரை எத்தனை பேர் அறிவோம் என்னும் கேள்வி என்னை உறுத்துகிறது.

வெற்றிபெற்ற நவாபும் கோட்டைக்குள் ஒரு பள்ளிவாசல் எழுப்பினார். அதன் காலம் 1717–18. அதற்கு அண்மையில் நாயக்கர் காலத்து வேங்கடரமணர் கோயில் உள்ளது. அங்கிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுசென்ற கல்தூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. இராசகிரிச் சரிவில் கமலக்கண்ணியம்மன் இருக்கிறாள். ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றில் பாறையில் வடித்த 24 தீர்த்தங்கரர் உருவங்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமணப் பெரியாரைக் குறிக்கும் பழந்தமிழ்க் கல்வெட்டும் உள்ளன. கோட்டை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது அக்கல்வெட்டு. மேலச்சேரித் திரௌபதியம்மன் கோயிலைத் தொண்டை நாட்டுத் திரௌபதி வழிபாட்டின் மூலக்கோயிலாக மக்கள் கருதுவர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட நூலில் அதனை விரிவாக ஆராய்ந்தார்.

21 ஆண்டுகளும் 800 ஆண்டுகளும்

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். உலக மரபுப் பட்டியலில் செஞ்சி சேர்ந்தது நம் அனைவர்க்கும் பெருமை. மராட்டியர் பெயரால் சேர்ந்ததில் எனக்கு மனக்குறை இல்லை. சிவாஜி இக்கோட்டையின் மதில்களைத் திருத்தியும் புதுக்கியும் அமைத்ததை அக்காலத்து யேசு சபையாரின் கடிதம் கூறுகிறது. இராஜாராம் இங்கிருந்தே தம் அரசைக் காத்தார். அவை மறுக்க முடியாத வரலாறு.

ஆயினும் மராட்டியர் செஞ்சியை ஆண்டது 1677 முதல் 1698 வரை, ஏறத்தாழ 21 ஆண்டுகள். கோட்டையின் வயது 800 ஆண்டுகளுக்கு மேல். ஒரு தலைப்புக்குள் எல்லாவற்றையும் அடக்க எவராலும் இயலாது. தலைப்பில் அடங்காது எஞ்சியதை எழுதும் கடமை யாருடையது? நம்முடையது. நாம் எழுதாவிடின், செஞ்சி தன் வரலாற்றிலிருந்தே துண்டிக்கப்பட்ட ஒரு தீவாகிவிடும். கோட்டை இருக்கும், பாலம் இராது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழியாக 1943இல் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் செஞ்சி வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வழிகாட்டினார். அரசர் வரலாற்றுக்கு அது அடித்தளம். ஊர் வரலாற்றுக்கு நாம்தான் அடித்தளம் இடவேண்டும்.

அதற்கு மூன்று பணிகளை இவ்வட்டத்தின் முன் வைக்கிறேன். முதலாவது, தேசிங்கு கதையை இன்றும் நினைவில் வைத்துள்ள முதியோரிடமும் கூத்துக் கலைஞரிடமும் சென்று, அவர்கள் சொல்லும் வடிவங்களை வேறுபாடுகளுடன் ஒலிப்பதிவு செய்தல். அச்சான பாட்டில் இல்லாத அடிகள் அவர்களிடம் இருக்கக்கூடும். இரண்டாவது, சுற்றுவட்டார ஏரி, குளம், மதகு, வாய்க்கால், மேடு, பாதை ஆகியவற்றின் பெயர்களை ஊர் ஊராகத் தொகுத்தல். யானைக்குளம், சக்கரகுளம், செட்டிகுளம் போன்றவை வெறும் பெயர்களல்ல. கோட்டையை வாழ்வித்த நீர்வழியின் எஞ்சிய ஏடுகள். ஒரு குளம் தூர்ந்தால் நீர் போகும். பெயரும் மறந்தால் அங்கே நீர் இருந்தது என்னும் அறிவும் போகும். மூன்றாவது, கல்லுடைத்தோர், சுண்ணாம்பு அரைத்தோர், மூட்டை சுமந்தோர் ஆகியோரின் வழிவந்த குடும்பங்களில் வழங்கும் செய்திகளைக் கேட்டு எழுதுதல். அவற்றை வரலாறு என்று உடனே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எழுதி வைத்தால்தான் ஆராயவாவது இயலும்.

இப்பணிக்குப் பட்டம் தேவையில்லை; செவியும் பொறுமையும் போதும். என் மாணவியர் இவ்வூர்களிலிருந்துதான் வருகின்றனர். பாட்டியிடம் கேட்டு எழுதி வா என்று சொன்னால் தயங்குகின்றனர். தம் வீட்டுச் செய்தி வரலாறாகும் என்பதை அவர்கள் நம்புவதில்லை. அந்நம்பிக்கையைத் தருவதே என்னைப் போன்ற ஆசிரியர்க்கும் இத்தகைய இலக்கிய வட்டங்களுக்கும் உரிய முதற்பணி.

இராசகிரியின் உச்சியைத் தனிமைப்படுத்த எண்ணியவர்களும் பிளவின்மேல் ஒரு பாலத்தை அமைத்தே ஆகவேண்டியிருந்தது. உணவும் செய்தியும் மனிதரும் அதன்வழியே வந்தாக வேண்டும். ஊருக்கும் அதன் பழமைக்கும் இடையே அத்தகைய பாலமாக இவ்வட்டம் அடுத்த பத்தாண்டுகள் பணியாற்றுமாயின், இருபதாம் ஆண்டு மலரில் அரசர் பெயர்களுக்கு இணையாக நம் ஊரார் பெயர்களும் அச்சேறும். அம்மலரைக் காண நான் காத்திருப்பேன்.